ஆற்ர அப்பா?

மொழிபெயர்ப்பாளர் வேலையில் முதலாவது விதி, உனக்கென்று ஒரு வாய் கிடையாது என்பது. நோயாளி தனக்கு நெஞ்சு நோகிறது என்றால் நானும் நோர்வே மொழியில் ‘எனக்கு நெஞ்சு நோகிறது’ என்றுதான் சொல்லவேண்டும். ‘இவருக்கு நோகிறதாம்’ என்று சொல்லக்கூடாது. ஒஸ்லோவில் இந்த வேலைக்கு வந்த காலம் முதல் எனக்கு எத்தனையோ தடவை நெஞ்சு நொந்திருக்கிறது, கரு கலைந்திருக்கிறது, புருஷன் அடித்திருக்கிறான், அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருக்கிறது. சமூகநல அலுவலகத்தில் ஒரே மேசையில் உதவிப்பணம் கேட்கும் ஆணும் நான்தான், அதை மறுக்கும் பெண்ணும் நான்தான். எங்கள் சனத்துக்கு இந்த விதி பிடிபடுவதே இல்லை. இவள் எல்லாரின் கதையையும் தன் கதைபோல் சொல்கிறாள் என்று பின்னால் கதைப்பார்கள். கதைக்கட்டும் என்று விட்டுவிடுவேன். இந்த விதியால் அப்பாவுக்கு வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்பா அப்போது என்னோடு ஒஸ்லோவின் புறநகரான ஸ்டோவ்னரில் இருந்தார். அம்மா போன பிறகு ஊரில் தனியே கிடக்க விடாமல் நான்தான் கூப்பிட்டேன். ஓய்வுபெற்ற தபாலதிபர். அவர் வாயைத் திறந்தால் அரசாங்கச் சுற்றறிக்கை வாசிப்பதுபோல் இருக்கும். தேத்தண்ணி வழங்கப்படுமா என்று கேட்காததுதான் குறை. ஒஸ்லோ முழுவதிலும் அவருக்கென்று ஒரே ஒரு இடம் இருந்தது. ஸ்டோவ்னர் சென்டர் என்ற கடைத்தொகுதிக்குள்ளே மருந்துக்கடைக்கு முன்னால் உள்ள நீள மர வாங்கு. வெளியே பனி கொட்டும் மாதங்களில் எங்கள் கிழவர்கள் காலையில் வந்து அதில் குந்துவார்கள். கோப்பியை வாங்கி ஆறவிட்டு, ஊருக்காக நோர்வே நடத்திவைத்த சமாதானப் பேச்சு நிலைக்குமா முறியுமா என்று பொருதிவிட்டு, மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்குப் போவார்கள். அப்பா அங்கேயும் அதிகம் கதைப்பதில்லை. ஆனால் ஒரு நாளும் போகாமல் விட்டதில்லை. அந்த வாங்கில் அவரை இருக்கவிட்டதே அவர்கள் செய்த சலுகை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஊரில் இராணுவம் முகாம் போட்டிருந்த காலத்தில் அப்பா பிரஜைகள் குழுத் தலைவராக இருந்தார். நாலு எழுத்துத் தெரிந்தவர்கள், வாத்தியார், தபாலதிபர், கோயில் தர்மகர்த்தா என்று சிலர் சேர்ந்து, பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளைக் கேட்டு முகாம் வாசலில் போய் நிற்பார்கள். அதுதான் பிரஜைகள் குழு. அதே குழுவை இராணுவமும் நன்றாகப் பயன்படுத்தியது. கூட்டம் கூட்டவேண்டுமா, வேலி வெட்டவேண்டுமா, எல்லா உத்தரவும் குழுவுக்குத்தான் வரும். ஒரு நாள், வாலிபர்கள் எல்லாரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரவேண்டும், அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவோம் என்று சொல்லியனுப்பினார்கள். அப்பா ஒலிபெருக்கி கட்டிய காரில் ஒழுங்கை ஒழுங்கையாகப் போனார். பயப்படவேண்டாம், வாக்குத் தந்திருக்கிறார்கள், வாருங்கள் என்றார். அவர் சொன்னபடியால் வந்தார்கள். மைதானத்தில் சாக்கால் முகத்தை மூடிய தலையாட்டி ஒருவன் காத்திருந்தான். அவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டினானோ அவர்களை ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அப்பா முகாம் வாசலில் பழியாய்க் கிடந்து சிலரை மீட்டார். மற்றவர்கள் வரவேயில்லை. கொஞ்ச நாளில் எங்கள் மதிலில் துரோகி என்று கரியால் எழுதியிருந்தது. அப்பா வாளியில் சுண்ணாம்பு கரைத்து அதன்மேல் தானே பூசினார். துரோகி என்றால் இயக்கம் சுடும் காலம் அது, அவரை ஏன் உயிரோடு விட்டார்கள் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அந்த நாளைப் பற்றிக் கேட்டால் அவரிடம் ஒரே வாக்கியம்தான் இருந்தது. “இளைஞர்கள் மைதானத்துக்குச் சமூகமளிக்குமாறு அறிவிக்கப்பட்டது.” யார் அறிவித்தது? அது வராது. அண்ணா அப்போது எங்கே என்று கேட்டால், கொழும்பில் சோதனை எழுத இருந்தது, அனுப்பிவைக்கப்பட்டான் என்பார். அண்ணா இப்போது நோர்வேயின் மேற்குக் கரையில், ஸ்தவாங்கரில் எண்ணெய்க் கம்பனியொன்றில் எஞ்சினியர். டிசம்பரில் நத்தார் லீவுக்கு ஒருமுறை வந்து, சாப்பிட்டு, போய்விடுவான். எனக்குத் தொழில் பழக்கத்தால், ஒரு வாக்கியத்தில் ஆள் இல்லாவிட்டால் காதைக் குத்தும். ‘அறிவிக்கப்பட்டது’ என்று அவர் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்மேல் எனக்குப் பாசம் இருந்தது. கோபமும் அதே அளவு இருந்தது.

இனிப் பள்ளிக்கூடக் கதைக்கு வருகிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் போலந்துக்குக் கூட்டிப்போய் நாஜிகளின் வதைமுகாம்களைக் காட்டுவது இங்கே பல பள்ளிக்கூடங்களில் வழக்கம். செலவுக்குப் பெற்றோர் டுக்னாட் செய்யவேண்டும், அதாவது எல்லாரும் கூடிச் சம்பளமில்லாமல் உழைக்கவேண்டும். அந்த வருஷம் எங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்தில் டொய்லெட் பேப்பர் விற்றார்கள். எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் சுவாமிப் படத்துக்குக் கீழே டொய்லெட் பேப்பர் மூட்டை அடுக்கியிருக்கும். விற்று முடிந்ததும் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். தமிழ்ப் பெற்றோர் நிறையப் பேர் வருவதால் என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். என்ன விஷயம் என்று கேட்டேன். ஒரு யூதப் பெரியவர் யுத்தத்தைப் பற்றிப் பேசுவார், வேறொன்றுமில்லை என்றாள் வகுப்பாசிரியை. யுத்தத்தைப் பற்றி ‘வேறொன்றுமில்லை’ என்று சொல்லக்கூடியவர்கள் இந்த நாட்டில்தான் இருக்கிறார்கள்.

போன இடத்தில் பாதிப் பேர் எங்கள் ஊர்ச் சனம். முன்வரிசையில் தமிழ்ச் சங்கத்துக்காரர் இருந்தார். தமிழர் கூட்டம் எங்கே நடந்தாலும் முதல் கதிரை அவருக்குத்தான். யூதரைப்போல் நாங்களும் ஒரு நாள் நாடு காண்போம் என்று மேடைமேடையாய்ச் சொல்லுகிறவர், இன்றைக்கு யூதர் வாயாலேயே அதைக் கேட்கலாம் என்று கால்மேல் கால் போட்டு இருந்தார். அவருக்குப் பக்கத்தில், பாலர் பாடசாலையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி. அவளுடைய தம்பி அன்றைக்கு மைதானத்துக்கு வந்து திரும்பிப் போகாதவன். நாங்கள் இருவரும் ஒரே மாடிக் கட்டடத்தில் இருந்தோம். லிப்டில் நான் நின்றால் அவள் படியால் ஏறிப் போவாள்.

யூதப் பெரியவர் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையோடு எழுந்து நின்றார். சிறு பிள்ளையாய்ப் போலந்தில் உயிர்தப்பி, யுத்தம் முடிந்த பிறகு தகப்பனோடு ஒஸ்லோவுக்கு வந்தவர். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, சுற்றி வளைக்காமல் தொடங்கினார். தன் தகப்பன் தங்கள் சிற்றூரில் யூதர் குழுவின் தலைவர் என்றார். ஜெர்மன்காரர்கள் ஒவ்வோர் ஊரிலும் யூதப் பெரியவர்களைக் கொண்டே அப்படி ஒரு குழு அமைத்து, தங்கள் உத்தரவுகளை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்தார்களாம்.

இதைத் தமிழாக்க எனக்குக் கிடைத்தது ஒரு மூச்சு நேரம். ‘யூத சபை’ என்றால் எங்கள் சனம் ஏதோ வேதக்கோயில் என்று நினைக்கும். ‘என் அப்பா தலைவர்’ என்று மொட்டையாய்ச் சொல்லவும் முடியாது. அந்த வருஷங்களில் எங்கள் வீடுகளில் தலைவர் என்றால் சுவரில் படமாய்த் தொங்கும் ஒரே ஒருவர்தான். பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் அடிக்க வருவார்கள். சனத்துக்கும் இராணுவத்தின் துவக்குக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கும் பெரிய மனிதர்களுக்குத் தமிழில் என்ன பெயர்? அது யோசிக்காமலே என் நாக்கில் இருந்தது.

“என்ர அப்பா எங்கட ஊர்ப் பிரஜைகள் குழுத் தலைவர்,” என்றேன்.

கதிரைகள் கிறீச்சிட்டன. நான் நிற்கவில்லை, நிற்கவும் கூடாது. அவர் சொல்லச் சொல்ல நானும் சொன்னேன். ஜெர்மன்காரர் ஆட்களைக் கேட்டார்கள். அப்பா தெருத்தெருவாய்ப் போனார். சதுக்கத்துக்கு வாருங்கள், வேலைக்குத்தான் கூட்டிப்போகிறார்கள், பயப்படவேண்டாம் என்றார். அப்பாவை நம்பிச் சனம் வந்தது. அவர்களை ரயிலில் ஏற்றினார்கள். சதுக்கம் என்றுதான் நான் சொன்னேன். அங்கே இருந்தவர்கள் காதில் மைதானம் என்று விழுந்திருக்கவேண்டும். பின்வரிசையில் யாரோ, பார் இவளின்ர துணிவை என்றது எனக்குக் கேட்டது.

சங்கத்துக்காரர் எழும்பினார். “தங்கச்சி, ஒரு சின்ன விளக்கம். இது ஆற்ர அப்பா? அவற்ர அப்பாவோ, உங்கட அப்பாவோ?”

சனம் சிரித்தது. ஆசிரியை என்னவென்று கேட்டாள். விதி விதிதான். இது யாருடைய அப்பா, அவருடையவரா உங்களுடையவரா என்று கேட்கிறார் என்பதை அப்படியே நோர்வே மொழியில் சொன்னேன். பெரியவர் அது மொழிபெயர்ப்புக் குழப்பம் என்று நினைத்துக்கொண்டார். மெல்லச் சிரித்து, என்னுடைய அப்பாதான், என்ன செய்வது என்றார். நான் சபையைப் பார்த்து அதைத் தமிழில் சொல்லவேண்டியிருந்தது.

“என்ர அப்பாதான். என்ன செய்யிறது.”

அதற்குப் பிறகு சிரிப்பு இல்லை. அந்த மண்டபத்தில் இருந்த ஒவ்வொரு ஊர்ச் சனமும் என்னைத்தான் பார்த்தது. அந்தக் கிழவரை ஒருவரும் பார்க்கவில்லை. இவ்வளவு காலமாய் இவர்களுடைய மூலவியாதிக்கும் விவாகரத்துக்கும் நான் வாயாய் இருந்திருக்கிறேன். ஒருத்தருக்காவது அந்த ‘நான்’ யாருடையது என்று புரிந்துகொள்ள மனமில்லை. புரிந்துகொண்டே புரியாததுபோல் இருந்தார்கள் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

பெரியவர் ஒஸ்லோக் கதைக்கு வந்தார். யூதர்களுக்குக் கூட்டுப் பிரார்த்தனை செய்யப் பத்து ஆண்கள் வேண்டும். ஒருவர் குறைந்தாலும் அந்தப் பிரார்த்தனையைச் சொல்ல முடியாது. வந்த புதிதில் பல நாள் ஒன்பது பேர்தான் கூடுவார்கள். அவருடைய அப்பா வாசலில் நிற்பார். அவரைச் சேர்த்தால் பத்து. ஆனால் அவரை யாரும் எண்ணமாட்டார்கள். வேறு யாராவது வருவார்களா என்று தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒருத்தரும் வராவிட்டால், பிரார்த்தனையே இல்லாமல் விளக்கை அணைத்துவிட்டுப் போவார்கள். அதற்காக அவர்களைத் தான் குறை சொல்லவில்லை என்றார் பெரியவர். அதைத் தமிழில் சொல்லும்போது மருந்துக்கடை வாங்கு என் கண்ணுக்குள் நின்றது.

அப்போது தம்பியைப் பறிகொடுத்த அந்தப் பெண் எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக் கேட்டாள். “உங்கட அப்பா எல்லாற்ர பிள்ளையளையும் வரச் சொன்னவர். உங்களைக் கூட்டிக்கொண்டு போனவரோ?”

மொழிபெயர்த்தேன். கிழவர் தண்ணீர்க் கிளாஸை எடுத்து, குடிக்காமல் திரும்ப வைத்தார். பிறகு சொன்னார், நான் சொன்னேன்: “இல்லை. முதல்நாளே என்னை வேறை ஒரு வீட்டில ஒளிச்சு வைச்சவர். அதாலதான் நான் உயிரோட இருக்கிறன்.”

அதோடு அவர் விட்டிருக்கலாம். விடவில்லை. தகப்பன் உயிரோடு இருக்கும்போது தான் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, இனிக் கேட்க ஆளில்லை என்றார். உங்களில் யாருக்காவது கேட்க ஆள் இருந்தால் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள் என்றார். அவருக்கு எங்களைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. அந்தக் கடைசி வாக்கியத்தை நான் விழுங்கியிருந்தாலும் அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது. விழுங்கவில்லை, அட்சரம் பிசகாமல் சொன்னேன். அப்பாவின்மேல் இருந்த கோபமும் அந்தக் குரலில் இருந்திருக்கும்.

கூட்டம் முடிந்ததும் கோப்பியும் வாஃபலும் வைத்தார்கள். நான் நின்ற மேசைப் பக்கம் ஒரு தமிழரும் வரவில்லை. சங்கத்துக்காரர் மட்டும் ஜாக்கெட்டைப் பூட்டியபடி வந்தார். அந்த யூதக் கிழவரின் வாயால் அப்பாவுக்கு வெள்ளையடிக்கப் பார்க்கிறேன் என்றார். பிரஜைகள் குழு என்ற சொல்லை எடுத்ததே திட்டம் போட்டுத்தானாம். துரோகம் இரத்தத்தில் ஊறியது என்று வேறு சொன்னார். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த நாட்டில் இத்தனை வருஷம் இருந்தும் மொழி படிக்காமல், என் வாயை இரவல் வாங்கிக்கொண்டு என்னையே ஏசுகிறீர்களே, அடுத்த கூட்டத்துக்கு நோர்வேஜியன் படித்துவிட்டு வாருங்கள் என்றேன். அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். ஒருவரும் எனக்காக வாய் திறக்கவில்லை.

நான் வீட்டுக்கு வருவதற்கு முன்னமே டெலிபோன் வந்துவிட்டது. அப்பா சமையலறைக் கதிரையில் இருந்தார். யூதருடைய குழுவுக்கு என்ன சொல் பாவித்தாய் என்று கேட்டார். சொன்னேன். வேறு சொல் இல்லையோ என்றார். இருந்தால் நீங்களே சொல்லுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் மேசைவிரிப்பின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் பல்கனிகளில் பனி குவிந்திருந்தது.

“இல்லை,” என்றார்.

அடுத்த நாள் சனிக்கிழமை. இன்றைக்குப் போகவேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வழமையான தொப்பியைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். நானும் கூடப் போனேன். மருந்துக்கடைக்கு முன்னால் வாங்கு வெறுமையாய்க் கிடந்தது. கிழவர்கள் அத்தனை பேரும் தள்ளிப்போய் பூக்கடைக்கு முன்னால் இருந்தார்கள். அங்கே இடம் போதாது. இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் வாங்கு முழுவதும் காலியாய் இருக்க, கால் நோவோடு அங்கே நின்றார்கள். அப்பா அவர்களைப் பார்த்துத் தலையசைத்தார். அவர்கள் பூக்களைப் பார்த்தார்கள். அப்பா தன் வழமையான மூலையில், மற்றவர்களுக்கு இடம் விட்டு இருப்பவர்போல் ஒதுங்கி இருந்தார். எனக்கு அந்தக் கிழட்டுக் கூட்டத்தைக் கழுத்தைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது.

அந்தப் பெண் வாசல் பக்கமிருந்து வந்தாள். கையில் சாமான் பை ஒன்றும் இல்லை, இதற்காகவே வந்திருந்தாள். நேரே அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றாள். ஊரில் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவாள். இப்போது எந்த முறையும் சொல்லிக் கூப்பிடவில்லை.

“அண்டைக்கு உங்கட மகன் ஏன் மைதானத்துக்கு வரேல்லை?”

பூக்கடைப் பக்கத்துக் கிழவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் இடையில் புகுந்தேன். அண்ணாவுக்குக் கொழும்பில் சோதனை இருந்தது என்று தொடங்கினேன். எனக்குத் தெரிந்த வாக்கியம் அதுதான். இத்தனை வருஷமும் அதை நான் நம்பியும் இருந்தேன். அப்பா கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

“நீ மொழிபெயர்க்காத,” என்றார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். “நான்தான் அனுப்பினனான். முதல்நாள் பின்னேரம், நானே கொண்டுபோய் பஸ் ஏத்தினனான். அவங்கட வாக்கை நான் நம்பேல்லை. உங்களை வரச் சொன்னதும் நான்தான்.”

அந்த நாளைப் பற்றி அவருடைய வாயிலிருந்து ‘நான்’ என்ற சொல் வந்ததை நான் அதுவரை கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்று எவ்வளவு காலம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்! ஸ்தவாங்கரில் இருக்கும் அண்ணா நத்தாருக்கு வந்து சாப்பிட்டுவிட்டு ஏன் அவ்வளவு அவசரமாய்ப் போகிறான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அந்தப் பெண் அழுவாள் என்று நினைத்தேன், அல்லது கை ஓங்குவாள் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை.

“என்ர தம்பிக்கும் அந்தக் கிழமை சோதனை இருந்தது,” என்றாள்.

அப்பா எழுந்தார். வாங்கை விட்டு விலகி, அவள் அதில் இருக்கட்டும் என்று கையால் காட்டினார். அவள் இருக்கவில்லை. அவரும் திரும்ப இருக்கவில்லை. மருந்துக்கடைக்கு முன்னால் இருவரும் அப்படியே நின்றார்கள், நடுவில் வாங்கு வெறுமையாய்க் கிடந்தது.